கணக்கேட்டில் இருவர் கையெழுத்து



வலீமா விருந்து இனிதே முடிந்துவிட்டது. பந்தல் பிரித்தாகிவிட்டது. வாடகைக்கு எடுத்த தேக்சாக்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டன. வெளியூர் உறவினர்கள் ஸலாம் கூறி விடைபெற்றுவிட்டனர். இனி அந்த வீட்டில் புதிதாய் ஒரு குடும்பம் தொடங்குகிறது. மணமகனுக்கு வயது 27, மணமகளுக்கு 22.

யார் அந்தத் தம்பதியர் என்று கேட்காதீர்கள். எந்த ஒரு வீட்டையும் சுட்டிக்காட்டி நான் எழுதவில்லை. தஞ்சைக் கடற்கரையில் உள்ள நம் ஊர்களில் எந்தத் தெருவிலும் இத்தகைய வீடு ஒன்று இருக்கும். கணக்குப் பார்ப்பதற்காகச் சில தொகைகளை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுத் தொகைகளை அவ்விடத்தில் இட்டு, நீங்களும் உடன் கணக்கிட்டு வாருங்கள்.

மாப்பிள்ளை பி.காம். படித்தவர். திருச்சியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். மாதம் 22,000 ரூபாய் சம்பளம். பெண் பி.எஸ்ஸி. முடித்தவள், ஆசிரியப் பயிற்சி படிக்க வேண்டுமென்பது அவளது ஆவல். பிறந்த வீட்டார் அணிவித்த 20 சவரனும், மஹராகப் பெற்ற 3 சவரனும் அவளிடம் உள்ளன.

மூன்றாம் மாதம் ஏஜெண்ட் ஒருவர் வருகிறார். வளைகுடாவில் ஸ்டோர் கீப்பர் வேலை, ஈராண்டு ஒப்பந்தம், நம் ரூபாயில் மாதம் 40,000 சம்பளம். விசாவுக்கு 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்கிறார். மாப்பிள்ளையின் கையில் ரொக்கம் இல்லை. அன்றிரவு அவர் மனைவியிடம், "உன் நகையில் கொஞ்சம் கொடு, ஒரே வருஷத்தில் மீட்டுத் தருகிறேன்" என்கிறார். அவளும், "எடுத்துக்கொள்ளுங்கள் மச்சான்" என்கிறாள். அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த இரண்டே வாக்கியங்களில் ஓர் இல்லறத்தின் செல்வம், தொழில், வாழ்க்கை முறை ஆகிய மூன்றும் முடிவு செய்யப்பட்டுவிட்டன. கணக்குப் பார்க்கவுமில்லை, எழுதிக்கொள்ளவுமில்லை. பிற்காலத்தில் பல வீடுகளில் எழும் கசப்புக்கு விதை இங்கேதான் விழுகிறது என்பதை எடுத்துக்கூறவே இக்கட்டுரை.

அது யாருடைய நகை?

மஹர் மனைவிக்கே உரிய சொத்து. அதில் கணவருக்கோ, மாமனார் மாமியாருக்கோ, ஏன் பெண்ணைப் பெற்றவர்களுக்கோ கூட உரிமையில்லை. பிறந்த வீட்டார் அவளுக்கு அளித்த நகையும் அவளுடையதே. அவள் மனமுவந்து எதையேனும் விட்டுக்கொடுத்தால் கணவர் அதைத் தயக்கமின்றி அனுபவிக்கலாம் என்று திருமறை அனுமதிக்கிறது. ஆனால் 'மனமுவந்து' என்ற நிபந்தனையை நாம் எளிதாகக் கடந்து போய்விடுகிறோம். வந்து மூன்றே மாதமான புதுப்பெண், கணவர் கேட்கும்போது வேறு என்ன சொல்வாள்? நாணத்தால் வந்த மௌனத்தையும், அச்சத்தால் வந்த சம்மதத்தையும் மனமுவந்த கொடையாக எடுத்துக்கொள்ளலாகுமா?

ஆகவே முதலில் தெளிவாக்க வேண்டியது இதுதான்: இது அன்பளிப்பா, கடனா? அன்பளிப்பு என்று அவளே தெளிவாகச் சொல்லாதவரை அது கடன்தான் என்று கணவர் எடுத்துக்கொள்வதே நேர்மையும் பேணுதலும் ஆகும்.

கடன் என்றால் எழுத வேண்டும். திருக்குர்ஆனின் வசனங்களில் மிக நீண்டது எது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது தவணைக் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது! கடன் சிறிதாயினும் பெரிதாயினும் சோம்பலின்றி எழுதிக்கொள்ளுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் அது பணிக்கிறது. அன்றாடம் ஓதும் வசனத்தை அடகுச் சீட்டு எழுதும் நேரத்தில் மட்டும் மறந்துவிடலாமா?

"கணவன் மனைவிக்கிடையே எழுத்து எதற்கு? அது நம்பிக்கைக் குறைவு அல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவர் மீது ஒருவருக்கு நம்பிக்கை இருக்கும்போதே எழுதிக்கொள்வதுதான் எளிது. நம்பிக்கை குலைந்த பிறகு எழுதக் கேட்டால் அது சண்டையில்தான் முடியும். மேலும், ஹயாத்தும் மௌத்தும் நம் கையில் இல்லை. கணவர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து அடக்கச் செலவும் கடன்களும் தீர்க்கப்பட்ட பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு. மனைவியிடம் வாங்கிய நகையும் அக்கடன்களில் ஒன்று. ஆனால் அது எங்கும் எழுதப்படவில்லையெனில், இத்தா இருக்கும் ஒரு பெண் தன் மைத்துனர்கள் முன்னிலையில் எதைக் காட்டி அதைக் கேட்பாள்?

எழுதும்போது ரூபாயாக எழுதாதீர்கள், எடையாக எழுதுங்கள். பொன்னாக வாங்கியதைப் பொன்னாகவே திருப்ப வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஒரு சவரன் 4,000 ரூபாய்க்கும் குறைவாகவே விற்றது. 2020ஆம் ஆண்டில் அது 40,000 ரூபாயைத் தாண்டியது. அன்று மனைவியின் ஐந்து சவரனை விற்றுச் செலவிட்டவர், 'பதினேழாயிரம் ரூபாய் வாங்கினேன்' என்று மனத்தில் வைத்திருந்து, இருபது ஆண்டுகள் கழித்து அதே பதினேழாயிரத்தைக் கொடுத்தால் அவளுக்குக் கிடைப்பது அரைச் சவரனுக்கும் குறைவு! இன்ன நகை, இத்தனை கிராம், இன்ன தேதி, இன்ன தேவைக்கு, இன்ன கடையில் அடகு, இன்ன மாதத்தில் திருப்புவது — இந்த ஆறு விவரங்களும் ஒரே பக்கத்தில் அடங்கும். கீழே இருவரும் கையெழுத்திட்டால் போதும்.

பயணக் கணக்கு

இனி அந்த மாப்பிள்ளையின் பயணத்தைக் கணக்கிடுவோம்.

பயணம் நமக்குப் புதிதன்று. நம் பாட்டனார்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்றார்கள். 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை உயர்ந்த பிறகு வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. நம் தந்தையர் அங்கே சென்றார்கள். அவர்களின் வியர்வையில்தான் நம் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் வீடுகளும் எழுந்தன. அதை மறந்து பேசுவது நன்றி கெட்ட செயலாகும். எனவே 'போகாதீர்கள்' என்று நான் கூறவில்லை. கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றே கூறுகிறேன்.

வெளிநாட்டில் 40,000 ரூபாய் சம்பளம். உணவு, தொலைபேசி, இதர செலவுகளுக்கு 13,000 போனால் ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது 27,000. இங்கே திருச்சியில் 22,000 சம்பளம்; அவருடைய சொந்த உணவுக்கும் போக்குவரத்துக்கும் 5,000 போனால் குடும்பத்துக்குக் கிடைப்பது 17,000. ஆக, பயணத்தால் வரும் உண்மையான கூடுதல் வருமானம் 10,000 ரூபாய் மட்டுமே. ஏஜெண்ட் சொன்ன 40,000 அன்று!

இப்போது கடனைப் பாருங்கள். நகையை நூற்றுக்கு இரண்டு வட்டி வாங்கும் அடகுக் கடையில் வைத்து 1,50,000 ரூபாய் எடுக்கிறார். முதல் மாத வட்டி மட்டும் 3,000. கூடுதல் வருமானமான 10,000 ரூபாயையும் மாதந்தோறும் தவறாமல் கடனுக்கே செலுத்தினாலும், நகை மீண்டு வர 18 மாதங்கள் ஆகும். அதற்குள் வட்டியாகப் போவது 30,000 ரூபாய். ஒப்பந்தமோ 24 மாதம். ஆக, மனைவியை விட்டுப் பிரிந்து, பிள்ளை பிறந்தால் அதன் முதல் சிரிப்பையும் காணாது, ஈராண்டு உழைத்ததில் முதல் ஒன்றரை ஆண்டு உழைப்பு போன செலவை அடைக்கவே போயிற்று. எஞ்சும் ஆறு மாதத்தின் ஆதாயம் 60,000 ரூபாய். ஊர் திரும்பும் பெட்டிக்கும் அன்பளிப்புகளுக்கும் அதுவே போதாது.

வட்டியின் பாவத்தைப் பற்றி நம் ஆலிம்கள் எடுத்துரைத்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அதன் கணக்கையும் இங்கே கண்டீர்கள். இந்நாட்டில் வட்டியில்லா வங்கிமுறை வரும் என்று பலர் எதிர்பார்த்தனர். ஆனால் அம்முயற்சியைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டில் தெரிவித்துவிட்டது. எனினும் நம் ஊர்கள் பலவற்றில் ஜமாஅத் பைத்துல்மால்கள் நகையின் பேரில் வட்டியில்லாக் கடன் அளித்து வருகின்றன. அதே தொகையை அங்கே பெற முடிந்தால் 15 மாதத்தில் கடன் தீரும். 30,000 ரூபாய் மிஞ்சும். முதலில் உங்கள் ஊர்ப் பைத்துல்மாலின் கதவைத் தட்டுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும். விசாவுக்கு 1,50,000 ரூபாய் என்றாரே ஏஜெண்ட், அது எந்தக் கணக்கு? ஆள் அனுப்பும் தொழில் செய்வோர் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலைக்குச் செல்பவரிடம் அவர்கள் பெறத்தக்க சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மீது 18 விழுக்காடு வரியும்தான்; மொத்தம் 35,400 ரூபாய். டிக்கெட், மருத்துவப் பரிசோதனை முதலியவற்றைச் சேர்த்து 60,000 ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும், வட்டியில்லாமல் ஆறே மாதத்தில் அடைத்துவிடலாம். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியலை அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். சென்னையில் குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகமும் இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டதும் முகம் சுளிக்கும் ஏஜெண்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். வேலை ஒப்பந்தத்தைக் கண்ணால் காணாமல் நகையைக் கழற்றாதீர்கள்.

பார்த்தீர்களா? அதே பயணம், அதே சம்பளம். ஒரு வழியில் 18 மாதக் கடன். மறு வழியில் 6 மாதக் கடன். கணவனும் மனைவியும் ஓர் இரவு உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்திருந்தால் ஓராண்டு உழைப்பு மிஞ்சியிருக்கும்.

திரும்பும் தேதி

போகும் தேதியை எல்லோரும் அறிவர். திரும்பும் தேதியை யாரும் எழுதுவதில்லை. 'தங்கை கல்யாணம் முடியட்டும், வீடு கட்டி முடியட்டும்' என்று தள்ளிப் போட்டுக்கொண்டே தலை நரைத்த சபுராளிகள் எத்தனை பேர்! எதற்காகப் போகிறோம், எவ்வளவு சேர்ந்ததும் வருவோம் என்பதையும் கணக்கேட்டில் எழுதுங்கள். ஆண்டுக்கொரு முறை அதை எடுத்துப் படியுங்கள். மாற்றுவதானால் இருவரும் பேசி மாற்றுங்கள்.

அயல்நாட்டு வேலை நம் கையில் இல்லை என்பதையும் மறவாதீர்கள். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் குவைத் மீது இராக் படையெடுத்தது. காலையில் வேலைக்குச் செல்ல எழுந்தவர்கள் ஒரே நாளில் அனைத்தையும் இழந்து நின்றனர். 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்தானின் அம்மான் வழியாக விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்திலும், மே மாதம் தொடங்கிய சிறப்பு விமானங்களில் வேலையிழந்தோர் திரண்டு வந்ததை நாம் கண்டோம். ஆகவே கடன் தீர்ந்ததும் முதல் கடமை, குடும்பத்தின் ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தொடாமல் ஒதுக்கி வைப்பதே. மனையும் மாடியும் அதற்குப் பிறகுதான்.

சந்தைக்கு வழி எது?

பயணம் ஒன்றே தொழில் என்ற எண்ணமும் நம்மிடையே ஊறிவிட்டது. மக்காவில் செல்வத்தை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவரோ பரக்கத்துக்காக துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று இலாபம் ஈட்டினார். சில காலம் சென்று, ஆடையில் நறுமணச் சாயம் படிந்திருக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சந்தித்தார். திருமணம் செய்துகொண்டதாகவும், ஒரு பேரீச்சங்கொட்டை எடையளவு பொன்னை மஹராக அளித்ததாகவும் தெரிவித்தார். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா அளிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

இதில் உள்ள வரிசையைக் கவனியுங்கள். முதலில் சொந்த உழைப்பு. பிறகு தம் சக்திக்கேற்ற மஹர். பிறகு எளிய விருந்து. கடன் வாங்கிய வலீமா அதில் இல்லை. பின்னாளில் பெருஞ்செல்வராய் விளங்கிய அந்த ஸஹாபியின் தொடக்கம் நெய்யும் பாலாடையுமே.

நம் மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்? கணக்குத் தெரியும். வெளிநாட்டில் சரக்கு அடுக்கும் வேலை அவருடைய கல்வியை வளர்க்காது. திருச்சியில் இருந்தபடியே மாலை நேரத்தில் ஜி.எஸ்.டி. கணக்கும் கணினிக் கணக்கும் கற்றுத் தேர்ந்தால் ஈராண்டில் நான்கைந்து சிறு கடைகளுக்குத் தனியே கணக்கு எழுதலாம். மாதம் 10,000 கூடுதலாய்ப் பெறுவது அவ்வழியிலும் எட்டாக் கனியன்று. அதற்காக எடுத்த எடுப்பிலேயே முன்பணம் கொடுத்துக் கடை திறக்க வேண்டுமென்பதில்லை. கைத்தொழில் முந்தட்டும்; கடை பிந்தட்டும். இதன் பிறகும் பயணமே சிறந்தது என்று இருவருக்கும் பட்டால், பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள்.

அவளுடைய படிப்பும் சம்பளமும்

இத்தனை பேச்சிலும் மணமகளின் ஆவலை யாரும் கேட்கவில்லை. பி.எட். படிப்பு 2015 முதல் ஈராண்டுப் படிப்பாகிவிட்டது. கணவரின் ஒப்பந்தமும் ஈராண்டே! அவர் அங்கிருக்கும் காலத்தில் அவள் இங்கே ஆசிரியையாகித் தேறினால், அவர் திரும்பி வரும் நாளில் வீட்டில் இன்னொரு கை உழைக்க ஆயத்தமாய் இருக்கும். நம் பெண்கள் படிப்பதற்காக 1955ஆம் ஆண்டிலேயே சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் கல்லூரி தொடங்கினார்கள். படிக்க வைத்தபின் பட்டத்தைப் பெட்டியில் பூட்டுவது ஏன்?

ஆனால் அவளது சம்பளம் அவளுடையது. குடும்பச் செலவு கணவரின் கடமை. மனைவி செல்வந்தராயினும் அக்கடமை நீங்காது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி), தம் பொருளைக் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று கேட்டபோது, இரட்டை நற்கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். கட்டாயக் கடமையாக இருந்தால் அங்கே தர்மம் என்ற பேச்சே எழாதன்றோ! எனவே மனைவி வீட்டுக்குத் தரும் ஒவ்வொரு ரூபாயையும் நன்றியோடு பெறுங்கள். வேலைக்குச் செல்பவள் வீட்டு வேலை முழுவதையும் தனியே சுமக்குமாறு விட்டுவிடாதீர்கள். சகோதரிகளே, வேலையில் சேரும்போது மகப்பேறு விடுப்பைப் பற்றிக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். தகுதியுடையோருக்கு முதல் இரு குழந்தைகளுக்கும் 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு 2017 முதல் சட்ட உரிமையாக உள்ளது.

யாருக்கு அனுப்புவது?

முதல் மாதப் பணம் வருகிறது. அது யார் பெயருக்கு? வாப்பா பெயருக்கா, மனைவி பெயருக்கா? எத்தனையோ வீடுகளில் மாமிக்கும் மருமகளுக்கும் மனக்கசப்புத் தொடங்குவது இந்த இடத்தில்தான். பெற்றோரின் உரிமையும் மனைவியின் உரிமையும் ஒன்றையொன்று அழிப்பவையல்ல. மகன் பெற்றோருக்குச் செய்வது நன்றிக்கடன். மனைவிக்கும் பிள்ளைக்கும் செலவளிப்பது அவர்தம் உரிமை. கணவர் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று ஹிந்த் பின்த் உத்பா (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகத் தேவைப்படும் அளவை எடுத்துக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதியளித்தார்கள். மனைவி தன் செலவுக்கு மாமனாரிடம் கையேந்தி நிற்கும் நிலை வரலாகாது.

27,000 அனுப்பும் நம் மாப்பிள்ளை அதை மூன்றாகப் பிரிக்கட்டும்: பெற்றோருக்கு இவ்வளவு, மனைவியின் கைக்கு இவ்வளவு, கடனுக்கும் சேமிப்புக்கும் இவ்வளவு. அத்தொகைகளை வாப்பாவும் உம்மாவும் அறியும்படியே சொல்லிவிடட்டும். மறைத்து அனுப்பும் ஆயிரம் ரூபாய், வெளிப்பட்டால் பத்தாயிரத்துக்கான மனவருத்தத்தைக் கொண்டுவரும். தங்கையின் திருமணத்துக்கு உதவுவதானாலும் எவ்வளவு என்பதை மனைவியுடன் கலந்து முன்னரே முடிவு செய்யட்டும்.

பிறர் கண்ணுக்காகச் செய்யும் செலவு

தவணையில் வாங்கும் கைப்பேசி, தலைப்பெருநாளுக்கு ஆட்டம்பாட்டமான சீர், அக்கம்பக்கத்தார் வைத்திருப்பதால் நாமும் வாங்கும் வண்டி — இவற்றைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: பிறர் காணமாட்டார்கள் என்றால் இதை வாங்குவோமா?

வீட்டைப் பற்றி மட்டும் சற்றுச் சொல்ல வேண்டும். பத்து இலட்சம் ரூபாயை ஒன்பது விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுத் தவணைக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 9,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது செலுத்திய மொத்தத் தொகை 21,59,000 ரூபாயைத் தாண்டும். வட்டியின் பாவத்தோடு இன்னொரு வீட்டின் விலையும் போயிற்று. நம் கடற்கரை ஊர்களில் மாடி வீடு கட்டிப் பூட்டிவிட்டு, கணவர் வெளிநாட்டிலும் மனைவி பிறந்தகத்திலுமாக வாழும் காட்சி அரிதன்று. முதல் ஐந்தாண்டில் வாடகை வீடோ, பெற்றோர் வீட்டின் ஓர் அறையோ இழிவன்று. சேமித்து மனை வாங்கி, முடிந்தபோது அடித்தளமிட்டு, பிறகு சுவரெழுப்பிக் கட்டிய வீட்டில் நிம்மதியாக உறங்கலாம்.

ஜகாத்தும் கணக்கில் உண்டு

மணமகளின் 23 சவரன் 184 கிராம். பொன்னுக்கான நிஸாப் அளவு 85 முதல் 87 கிராம் என்று கணக்கிடப்படுகிறது. அதாவது சுமார் 11 சவரன். ஹனஃபி மத்ஹபின்படி அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு. நாற்பதில் ஒரு பங்காக ஆண்டுக்கு 4.6 கிராமின் மதிப்பை அவள் கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் பெண்கள் அளவோடு அணியும் நகைக்கு விலக்குண்டு. அணியாமல் சேமிப்பாகவே வைத்திருப்பதற்கு விலக்கில்லை. நம் ஊர்களில் இரு மத்ஹபினரும் கலந்து வாழ்வதால், பெண்ணின் மத்ஹபு எதுவென அறிந்து இமாமிடம் விளக்கம் பெறுங்கள். ஜகாத் நகைக்கு உரியவளின் கடமை. அவள் இசைவோடு கணவர் அவள் சார்பில் கொடுக்கலாம். ரமளானுக்கு முந்திய மாதமே இதற்கெனச் சிறிது ஒதுக்கினால் கடைசி நேரத் தவிப்பு இராது.

அந்த ஏடு

இவ்வளவுக்கும் தேவையான மூலதனம் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. முதல் பக்கத்தில் மஹரும் நகைகளும் எடையோடு. இரண்டாம் பக்கத்தில் கடன்கள்: கொடுக்க வேண்டியவை, வர வேண்டியவை. மூன்றாம் பக்கத்தில் பயணத்தின் நோக்கமும் திரும்பும் தேதியும். அதன் பின் மாதந்தோறும் வரவும் செலவும். மாதத்தில் ஓர் இரவு, இஷாவுக்குப் பின் இருவரும் அமர்ந்து அரைமணி நேரம் எழுதுங்கள். கணவர் கடல் கடந்து இருந்தால் தொலைபேசியில் பேசி எழுதலாம். குறை கூறுவதை அந்த அரைமணிக்குள் கொண்டுவராதீர்கள். வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயரை எழுதுங்கள். ஆயினும் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. பங்கு ஷரீஅத் வகுத்த வாரிசுகளுக்கே என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்கட்டும்.

இனி அந்த முதல் இரவுப் பேச்சுக்குத் திரும்புவோம். "உன் நகையில் கொஞ்சம் கொடு" என்று கணவர் கேட்கிறார். இம்முறை அவள், "தருகிறேன் மச்சான். முதலில் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போமா?" என்கிறாள். அவரும் முகம் கோணாமல் பேனாவை எடுக்கிறார். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தும் அவள் கையெழுத்தும் அருகருகே விழுகின்றன. நிக்காஹ் பதிவேட்டுக்குப் பின் அவர்களுடைய பெயர்கள் சேர்ந்து எழுதப்படும் இரண்டாவது ஏடு அதுவாக இருக்கட்டும்.

புதுமணத் தம்பதியர் உங்கள் வீட்டில் இருந்தால் அடுத்த முறை அவர்களுக்கு அன்பளிப்பாக ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். அவர்களுடைய வாழ்விலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.